வெள்ளைவாலை யார் தொட்டார்கள்

அந்தச் சொல்லை முதலில் சொன்னது என் மாமனாரா, நானா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. பழைய லாரியின் கதவு திறந்திருந்தது நினைவிருக்கிறது. உள்ளேயிருந்து வந்த சூடான பறவை எச்ச வாடை நினைவிருக்கிறது. மாமனார் லாரியின் படியில் உட்கார்ந்து தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "லமாயும் தொட்டாள்" என்பது எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து விழுந்தது. சில நாட்கள் அதை அவர் குரலில் கேட்கிறேன். சில நாட்கள் என் குரலில், ஒரு கேள்வியாக.

லமாய் என் மனைவி. அந்த வருடம் குளிர் முடியும் சமயத்தில் அவள் நகரத்து ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்குப் பின்னால் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு படுத்திருந்தாள். அதே ஆஸ்பத்திரியில் அவள் தம்பி தவின் அதே காய்ச்சலில் சற்று முன்புதான் இறந்திருந்தான்.

தவினுக்குப் பறவைக் காய்ச்சல் வந்ததில் யாருக்கும் ஆச்சரியமில்லை. யோம் ஆற்றங்கரை ஊர்களில் கோழிகளையெல்லாம் பிடித்துச் சாக்கில் கட்டிக் குழியில் போட்டு, மேலே சுண்ணாம்பு கொட்டியபோது, சாக்கு பிடித்த ஆட்களில் அவனும் ஒருவன். வாத்து, கோழி, கூண்டுப் புறா எதுவும் மிஞ்சவில்லை. அதற்குப் பிறகு எங்கள் ஊரில் பொழுது சத்தமில்லாமல் விடிந்தது. கண் விழித்து, எதுவோ குறைகிறதே என்று சற்று நேரம் படுத்துக்கிடப்போம்.

லமாய் விஷயம் வேறு. அவள் பள்ளிச் சீருடை தைக்கிறவள். அவள் கோழிப் பக்கம் போனதே இல்லை. ஊரில் கோழியும் இல்லை. ஆஸ்பத்திரியில் தவின் இருமும்போது அவன் தலையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தவள் அவள்தான். கோழை துடைத்தவள் அவள்தான். அவன் தகனம் முடிந்து வீட்டுக்கு வந்த அன்று, உடம்பு வலிக்கிறது என்று சொல்லி மகள் முக்கைக் கட்டிக்கொண்டு தூங்கினாள். மறுநாள் எழுந்திருக்கவில்லை.

சாயங்காலச் செய்தியில் சொன்னார்கள்: இதுவரை பறவையிடமிருந்து மனிதருக்கு வந்த நோய், இப்போது மனிதரிடமிருந்து மனிதருக்கு வந்திருக்கலாம்.

அந்த ஒரு 'லாம்' போதுமாக இருந்தது. பஸ் எங்கள் நிறுத்தத்தில் வேகம் கூட்டிப் போயிற்று. ஐஸ் வண்டிக்காரன் பாலத்துக்கு அந்தப் பக்கமே ஐஸைப் போட்டுவிட்டு ஹாரன் அடித்தான். நாங்கள் போய் எடுப்பதற்குள் பாதி உருகியிருக்கும். பக்கத்து ஊர்க்காரர்கள் சாலையின் குறுக்கே கயிறு கட்டினார்கள். பிக்குகள் எங்களுக்காக ஓதினார்கள், ஆற்றுக்கு அக்கரையிலிருந்து, ஒலிபெருக்கியில். லமாய் தைத்துக் கொடுத்திருந்த சீருடைகளைப் பெற்றோர்கள் பள்ளி வாசலில் குவித்து எரித்தார்கள். நீலப் பாவாடைகள். புகை எங்கள் வீட்டுக் கூரைவரை வந்தது. முக் ஜன்னலில் நின்று பார்த்தாள். அம்மா அவற்றுக்குப் பொத்தான் வைக்கும்போது ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தவள் அவள்.

முக் மாடியறையில் தனியாக இருந்தாள். நானும் மாமனார் பூன்மாவும் கீழே, வீட்டைத் தாங்கும் தூண்களுக்கு நடுவில். சுகாதாரத் தொண்டர் வரூணி அக்கா காலையும் மாலையும் வேலிக்கு வெளியே வந்து நிற்பாள். வாயில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு முகமூடி, அது போதாதென்று கழுத்தில் புத்தர் தாயத்து.

"எதுக்குக்கா ரெண்டும்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எது காப்பாத்துதுன்னு யாருக்குடா தெரியும்? பொண்ணுக்கு இன்னிக்குச் சூடு எவ்வளவு?"

"நேத்து மாதிரிதான். காய்ச்சல் இல்ல."

"நீ தொட்டுப் பாத்தியா?"

"இல்லக்கா."

"பொய் சொல்லாதே."

"நெத்தியை மட்டும்."

"அனன், உனக்கு எத்தனை தடவை சொல்றது? காய்ச்சல்மானியைக் கூடையில வச்சு மேலே அனுப்பு. அவளே வச்சுப் பாத்துக்குவா. எட்டு வயசுப் பொண்ணு, உன்னைவிட விவரம்."

அவள் திரும்பும்போது கேட்டுவிட்டேன். "அக்கா, ஊருல எங்கயாவது ஒரு கோழி மிச்சம் இருக்குமா?"

"ஏன், வாய் கேக்குதா?"

"இருந்தா நல்லா இருக்கும்."

அவள் முகமூடியைக் கொஞ்சம் இறக்கி என்னைப் பார்த்தாள். "ஊரே ஒரு கோழிகூட இருக்கக்கூடாதுன்னு ஊதுபத்தி ஏத்துது. உனக்கு மூளை குழம்பிடுச்சா?"

எனக்கு மூளை குழம்பவில்லை. அந்த நாட்களில் அது ஒரே ஒரு பாதையில்தான் போய் வந்துகொண்டிருந்தது. லமாய்க்கு இது தவினிடமிருந்து வந்தது என்றால், லமாயிடமிருந்து அவள் கைக்குள் படுத்துத் தூங்கிய முக்குக்கு வரும். லமாய்க்கு ஒரு பறவையிடமிருந்து வந்தது என்றால், இந்த நோய்க்கு ஆளிடமிருந்து ஆளுக்குத் தாவத் தெரியாது. முக்குக்கு ஒன்றும் ஆகாது. ஒரு கோழி வேண்டும். நோயுள்ள ஒரு கோழி. லமாய் தொட்ட ஒரு கோழி. உலகம் முழுக்க டாக்டர்கள் வேறெதற்காகவோ அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் என் மகளுக்காகக் கேட்டேன்.

வரூணி அக்காவிடம் இதைச் சொன்னபோது அவள் வேலிக் கம்பைத் தடவினாள். "தேடு தம்பி," என்றாள். "கிடைச்சா முதல்ல என்கிட்ட சொல்லு."

தேடினேன். நடுப்பகல் வெயிலில் வாய்க்கால் கரை, வைக்கோல் போர், விகாரையின் பின்புறம் என்று ஒரு இறகுக்காக, ஒரு எச்சத்துக்காகக் குனிந்து நடந்தேன். ஆட்கள் தங்கள் வீட்டு மேல்படியில் நின்றபடி கேலி பேசினார்கள்.

"ஏய், அனன் கோழி தேடறான்டோய்! பொண்டாட்டி வந்ததும் விருந்தாம்!"

"முட்டை கிடைச்சா எனக்கு ஒண்ணு குடுப்பா, வாசனை மறந்துபோச்சு!"

ஆனால் நான் நேராக, "தவின் ஏதாவது சேவலை ஒளிச்சு வச்சானா?" என்று கேட்டால் சிரிப்பு நின்றுவிடும். செருப்பைப் பார்ப்பார்கள். "உன் மாமனாரைக் கேளு," என்பார்கள்.

மாமனாரைக் கேட்டிருந்தேன். எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன் என்றார். அதை நம்பாமலிருக்க எனக்குக் காரணம் இல்லை. அழிக்க வந்தவர்களிடம் தன் சண்டைச் சேவல்களைக் கூடை கூடையாக அவரே தூக்கிக் கொடுத்ததை நான் பார்த்தேன். அவருக்கும் தவினுக்கும் சேவல்தான் பேச்சு, சேவல்தான் மூச்சு. நான் இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்து தங்கியவன். பம்புசெட்டும் கை உழவு வண்டியும் பழுது பார்க்கிறவன். எனக்குச் சேவல் பிடிக்காது என்பது அவர்களுக்குத் தெரியும். என்னிடம் அதைப் பற்றிப் பேசுவதில்லை. பெண்களைக் கிட்டேயே விடமாட்டார்கள். பெண் தொட்ட சேவல் களத்தில் கால் மடங்கும் என்பது மாமனாரின் நம்பிக்கை. எங்கள் கல்யாணமான புதிதில் லமாய் கவனிக்காமல் சேவல் அடைக்கும் ஒரு காலிக் கூடையைத் தாண்டிவிட்டாள். அந்த மூங்கில் கூடையை அவர் உடைத்து அடுப்பில் போட்டார். அன்று சோறு அந்த நெருப்பில்தான் வெந்தது.

லமாயோடு ஒருமுறை போனில் பேச விட்டார்கள். நர்ஸ் அவள் காதில் போனைப் பிடித்திருந்தாள். காற்று வரும் இயந்திரத்தின் சத்தம் கேட்டது.

"முக் சாப்பிட்டாளா?" என்றாள்.

"சாப்பிட்டா. கஞ்சி."

"மீன் போட்டியா?"

"போட்டேன். முள்ளு எடுத்துட்டேன்." பிறகு கேட்டேன். "லமாய், நீ எங்கயாவது ஏதாவது பறவையைத் தொட்டியா? யோசிச்சுச் சொல்லு. யாரும் எதுவும் சொல்லமாட்டாங்க."

இயந்திரம் மூச்சு விட்டது. அவள் மூச்சு அதற்கிடையே வந்தது. நான் காத்திருந்தேன். அந்த மௌனத்தில் யோசனை இருந்ததா, களைப்பு இருந்ததா, மறைப்பு இருந்ததா என்று பிறகு எத்தனையோ முறை எடுத்துப் பார்த்திருக்கிறேன்.

"அப்பா எப்படி இருக்காரு?" என்றாள்.

நர்ஸ், போதும் என்று போனை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் மதியம் நானும் மாமனாரும் பாயில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். சோறும் மிளகாய்த் துவையலும் வேகவைத்த கீரையும். அவர் கீரையை எடுத்தபோது அவர் நகங்களைப் பார்த்தேன். மஞ்சள். நகக்கண் வரைக்கும் ஊறிய மஞ்சள்.

சமையலில் மஞ்சள் இல்லை. மஞ்சள் வேறு எதற்கு என்று இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். சண்டைச் சேவலை மூலிகை வெந்நீரில் துடைத்து, தோல் தடிக்கவும் புண் ஆறவும் மஞ்சள் பூசி வெயில் காட்டுவார்கள்.

அவர் கை கழுவிவிட்டு எழுந்து, மீந்த சோற்றில் வாழைப்பழத்தைப் பிசைந்துகொண்டு வீட்டின் பின்பக்கம் போனார். சற்று விட்டுப் பின்னால் போனேன்.

அவர் போனது என் பட்டறைக்கு. பட்டறையின் கோடியில் ஒரு ஆறு சக்கர நெல் லாரி, என்ஜின் இறக்கி, வருடக்கணக்காக நின்றிருந்தது. கோழி அழிப்பு நடந்த சமயத்தில் தவின் என்னிடம், "மச்சான், அந்த லாரிக்குள்ள நல்லபாம்பு போனதைப் பாத்தேன். திறந்துடாதீங்க," என்று சொல்லியிருந்தான். நான் திறக்கவில்லை. ஊரெல்லாம் குனிந்து தேடியவன், தினமும் அந்த லாரியின் மேல் சாய்ந்து நின்றுதான் ஸ்பேனர் எடுத்துக்கொண்டிருந்தேன்.

கண்ணாடிகளுக்கு உள்ளே போர்வை கட்டியிருந்தது. இருட்டில் வைத்தால் சேவல் கூவாது. மாமனார் கதவைத் திறந்தபோது பகல் வெளிச்சம் ஓட்டுநர் இருக்கையில் விழுந்தது. அங்கே தவினின் சண்டைச் சேவல் வெள்ளைவால் நின்றது. கழுத்து பொன் மஞ்சள், உடம்பு கறுப்பு, இருக்கையில் புரளும் வெள்ளை வால். அது என்னை ஒற்றைக் கண்ணால் பார்த்தது. தொண்டையில் லேசான கரகரப்பு. மற்றபடி கம்பீரமாகத்தான் இருந்தது.

எனக்குக் கோபம் வரவில்லை. அழுகை மாதிரி ஒரு மகிழ்ச்சி வந்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

"மாமா," என்றேன்.

அவர் திரும்பிப் பார்க்காமலே, "கதவைச் சாத்து மாப்ளே, வெளிச்சம் பட்டா கூவிடுவான்," என்றார்.

"கோழி எதுவும் இல்லேன்னு வரூணி அக்காகிட்ட சொன்னீங்களே."

"கோழி இருக்கான்னு கேட்டாங்க. இல்லேன்னேன். இவன் கோழியா?"

"தவின் செத்துட்டான் மாமா."

அவர் சோற்றை வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார். சேவல் கொத்தித் தின்னும் சத்தம் மட்டும் கேட்டது.

"இவனுக்கு ஊசி போட்டிருந்தோம்," என்றார். "எல்லைக்கு அந்தப் பக்கத்திலேருந்து வந்த ஊசி. இவனுக்கு ஒண்ணும் வராதுன்னு சொன்னாங்க. வரவும் இல்ல, பாரு. அதனாலதான் தவின் கொண்டுபோய் விட்டான். மரவள்ளிக் காட்டுல ரகசியமா சண்டை. ரெண்டாவது சுற்றுல தொண்டையில ரத்தம் கட்டிக்கிச்சு."

"வாய் வச்சானா?"

"பின்ன? வாய் வச்சு உறிஞ்சித் துப்பலேன்னா மூச்சடைச்சுப் போயிடுமே. நானே எத்தனை சேவலுக்கு வச்சிருக்கேன். எங்கப்பா வச்சிருக்காரு. யாரு செத்தா?"

தவினுக்கு எங்கிருந்து வந்தது என்பது தெரிந்துவிட்டது. எனக்கு அது போதவில்லை. அது தவினின் கணக்கு. லமாயின் கணக்கு அப்படியே இருந்தது.

"தவின் ஆஸ்பத்திரியில கிடந்தப்ப இதை யாரு பாத்துக்கிட்டது?"

"நான்தான்."

"உங்க கைதான் நடுங்குதே."

"நடுங்கினா என்ன?"

"லமாய் நடுவுல ஒருநாள் குளிக்க வந்தா. துணி எடுத்துக்கிட்டுப் போக. அன்னிக்கு..."

இங்கேதான் எனக்குக் கலங்குகிறது. நான் கேள்வியை முடித்தேனா? அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் தலைக்கு மேலே, மாடி ஜன்னலைப் பார்த்தார். அங்கே முக் நின்றிருந்தாளா இல்லையா என்பதும் எனக்கு நிச்சயமில்லை. நின்றிருந்தாள் என்றுதான் நினைக்கிறேன். அவர் வெகுநேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

லமாயும் தொட்டாள்.

பிறகு வந்த வாக்கியங்கள் அவருடையவை. அதில் சந்தேகமில்லை. "தொண்டை அடைச்சுக்கிட்டு நின்னான். என் வாயில பல்லும் இல்ல, பிடிப்பும் இல்ல. உறிஞ்ச வரல. தவின் ஆஸ்பத்திரியில அவகிட்ட, வெள்ளைவாலைப் பாத்துக்கன்னு சொல்லியிருந்தான். வா புள்ளைன்னேன். வந்தா. வாய் வச்சா."

ஒரு காலிக் கூடையைத் தாண்டியதற்காகக் கூடையை எரித்த மனிதர் இதைச் சொன்னார்.

"நிஜமாவா மாமா?"

"போய் வரூணியைக் கூப்பிடு," என்றார்.

வெள்ளை உடுப்புக்காரர்கள் வந்தார்கள். மாமனார் தானே லாரிக்குள் ஏறி, சேவலை மார்போடு அணைத்து இறக்கிக் கொண்டுவந்தார். ஒரு அதிகாரி சாக்கை விரித்துப் பிடித்தார். மாமனார் அதன் வாலை ஒருமுறை நீவி, மடங்காமல் உள்ளே விட்டார். திடீரென்று வெளிச்சம் பட்டதாலோ என்னவோ, சாக்குக்குள்ளிருந்து அது ஒருமுறை கூவியது. சேவல் குரல் கேட்டு வெகு நாளாகியிருந்த ஊர் அது. தெருவில் ஆட்கள் வெளியே வந்து நின்றார்கள். யாரும் கேலி பேசவில்லை.

அதன் தொண்டையில் நோய் இருந்தது என்று சோதனையில் வந்தது. கள்ள ஊசி அதைச் சாகவிடாமல் நிறுத்தியிருந்தது, நோயைத் தடுக்கவில்லை. அதிகாரிகள் மாமனாரை என் முன்னால் மறுபடி விசாரித்தார்கள். அவர் என்னிடம் சொன்னதையே தடுமாறாமல் சொன்னார். எந்தப் பக்கம் பிடித்தாள், எத்தனை முறை துப்பினாள் என்று நான் கேட்காததையும் சேர்த்துச் சொன்னார். எழுதிக்கொண்டார்கள். லமாயிடம் அப்போது கேட்க முடியவில்லை. அவள் நினைவில்லாமல் கிடந்தாள். அடுத்த நாள் செய்தியில், இருவருக்கும் பறவையிடமிருந்தே வந்திருக்கிறது, மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவியதற்கு ஆதாரமில்லை என்றார்கள். அதற்கடுத்த செய்தி மழையைப் பற்றி.

நான் மாடிக்குப் போனேன். முக் சுவரோரம் நகர்ந்து நின்றாள். அப்படி நிற்க அவளுக்கு நாங்கள் கற்றுக்கொடுத்திருந்தோம்.

"இப்ப தொடலாமாப்பா?"

"தொடலாம்."

"யாரு சொன்னா?"

"தாத்தா சொன்னாரு."

தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். தலை சிக்குப் பிடித்திருந்தது. கழுத்தில் அவள் மூச்சு பட்டது. அந்த மூச்சு படும்போதே என் உள்ளே ஒன்று கேட்டது: கிழவர் பொய் சொல்லியிருந்தால்? எதைச் சொன்னால் நான் இந்தப் பிள்ளையைத் தூக்குவேனோ, எதைச் சொன்னால் கயிற்றை அவிழ்ப்பார்களோ, அதைச் சொல்லியிருந்தால்? நான் அவளை இறக்கிவிடவில்லை. இன்னும் இறுக்கிக்கொண்டேன். அவள் தூங்கிய பிறகு காய்ச்சல்மானியை எடுத்து அவள் அக்குளில் வைத்தேன். ஊரில் எல்லாரும் மறந்த பிறகும், மழைக்காலம் முழுக்க, யாருக்கும் தெரியாமல் வைத்துப் பார்த்தேன்.

லமாய் பிழைத்தாள். திரும்பி வந்தபோது படியேற இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். அவளிடம் உடனே கேட்கவில்லை. கேட்பதற்கு ஒரு நாள் வரும் என்று காத்திருந்தேன். பிறகு வேண்டாம் என்று இருந்தேன். பிறகு ஒருநாள் கேட்டேன். அவள் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து ஊசி கோத்துக்கொண்டிருந்தாள். பள்ளியில் மறுபடி தைக்கக் கொடுத்திருந்தார்கள்.

"லமாய், நீ வெள்ளைவாலுக்கு வாய் வச்சியா?"

நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அப்பா என்ன சொன்னாரு?"

"நீ வச்சேன்னாரு."

ஆற்றில் ஒரு படகு வந்தது. அதன் மோட்டார் சத்தம் பெரிதாகி, வீட்டைக் கடந்து, சின்னதாகி, இல்லாமல் போயிற்று.

"அப்படின்னா வச்சிருப்பேன்," என்றாள். பிறகு துணியை இயந்திரத்தில் கொடுத்துக்கொண்டே, "முக் நல்லாத்தானே இருக்கா? அப்புறம் என்ன உனக்கு?" என்றாள்.

தவினின் சாம்பலை அந்த வருட மழை வெள்ளத்தில் யோம் ஆற்றில் விட்டோம். வெள்ளைவாலை மற்றக் கோழிகளின் குழியிலேயே சுண்ணாம்பு கொட்டிப் புதைத்தார்கள். மாமனார் பூன்மாவுக்கு அபராதம் விதித்தார்கள். அதற்குப் பிறகு அவர் சேவல் வளர்க்கவில்லை, ஆறு வருடம் கழித்துத் தூக்கத்தில் இறந்தார், அந்த நாளைப் பற்றி வேறெதுவும் சொல்லவில்லை. வரூணி அக்கா இன்னும் தொண்டராகத்தான் இருக்கிறாள், தாயத்தையும் கழற்றவில்லை. லாரியை இரும்புக் கடைக்குக் கொடுத்துவிட்டேன். லமாய் தைக்கிறாள், குளிர் வந்தால் இருமுகிறாள். முக்குக்குக் காய்ச்சல் வரவே இல்லை. அவளுக்குக் கல்யாணமாகி ஒரு பையன் இருக்கிறான். தூங்கும்போது அவனைக் கட்டிக்கொண்டு தூங்குகிறாள்.